கம்பளத்தைத் தாண்டிப் போனவர்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கம்பளத்துக்கு அடியில் இருந்த எடைக்கருவியைச் சரிபார்த்தது. வெள்ளிக்கிழமை விடுமுறைக் கூட்டம் டெஹ்ரானிலிருந்து வந்து சேர்வதற்கு முன், கடை திறந்த கையோடு ஆரம்பித்தார்கள். தாபந்தே பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பளத்தின் மேல் வைத்தாள். நோஸ்ரத் சமோவாருக்குப் பக்கத்தில் நின்று, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த சின்னத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"முப்பது."

"சரியா முப்பதா?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

"உங்க பொண்ணுதானே. வேற எப்படி இருப்பேன்?"

மூட்டைகளை எல்லாம் ஏற்றிப் பார்த்து இறக்கியதும், ஓர் ஆள் நின்றால் எப்படிக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும், வந்து நில்லுங்கள் என்றாள்.

"நான் என்ன வாடகைக்கு வந்தவனா? முழங்கால் பிடிச்சிருக்கு, பாபா. மேட்டுல ஏற முடியல." பிள்ளைகளையும் செல்லமாகப் பாபா என்றுதான் அழைப்பார்கள். கம்பளத்துக்கு அடியில் இருந்த பலகை ஒரு விரல் உயரம்கூட இல்லை. அவர் சுவரை ஒட்டியே நடந்து, கம்பளத்தைத் தாண்டிப் போய், உள்ளே குரல் கொடுத்தார். "டேய் கியூமர்ஸ்! வந்து இதுல நில்லு."

கியூமர்ஸ் வந்து நின்றார். முப்பது வருடமாகக் கடையில் பங்குதாரர், தாபந்தேவுக்கு அமூ. அப்பாவின் தோழர்களைச் சித்தப்பா முறை சொல்லி அப்படித்தான் அழைப்பார்கள்.

"தொண்ணூத்தாறு," என்றார் நோஸ்ரத். "நீ கஞ்சியைக் குடிக்கிறியா, அண்டாவையே குடிக்கிறியா?"

கியூமர்ஸ் சிரிக்கவில்லை. அது அப்போது அவளுக்கு உறுத்தவில்லை.

பிறகு நோஸ்ரத் தன் ஸ்கீ பலகைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூக்குக்கண்ணாடி சமோவார் ஆவியில் மங்கிவிட்டது, பூட்ஸ் மாட்டும் பூட்டில் என்ன எண் என்று பார்த்துச் சொல் என்றார். ரெண்டுலயும் ஏழு, என்றாள்.

"இருக்கட்டும். எப்பவும் ஏழுதான்."

அவ்வளவுதான். மறு வாரம் அவர் இல்லை.

*

பனிமலையூரான ஷெம்ஷக்கில், சரிவின் மேலே ஆளேற்றும் லிஃப்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது கடை. ஸ்கீ, ஸ்நோபோர்டு, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நோஸ்ரத்தின் யோசனை மட்டும் இலவசம், கேட்காவிட்டாலும் கிடைக்கும். "முதல்ல பூட்ஸைப் பாரு, பலகை அப்புறம். நேரா நின்னா விரல் முன்னால தொடணும், முழங்காலை மடிச்சா விலகணும். குதிகால் தூக்குச்சுன்னா கழட்டிப் போடு." "ரெண்டு காலுறை போட்டா குளிராதுன்னு எவன் சொன்னான்? ஒண்ணு போடு, மெல்லிசாப் போடு. ரெண்டாவது ரத்தத்தைத்தான் நிறுத்தும்." "ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்டாத, கையுறைக்குக் கொட்டு." "இதுதான் கடைசி இறக்கம்னு மனசுல நினைக்காத. நினைச்சா கால் தளர்ந்துரும்."

யோசனை தாராளம். நம்பிக்கைதான் கிடையாது. யார் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் நோஸ்ரத் நம்பமாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டில் ஒரு திருகு உண்டு. திருகினால் எண் ஏறும், இறங்கும். விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால், பலகை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் எலும்பு முறியும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பது ஆளின் எடை, வயது, திறமை மூன்றையும் பொறுத்தது. எடை குறைந்தவருக்கு எண் குறைய வேண்டும். வயது ஏறினாலும் குறைய வேண்டும்.

இந்த மூன்றிலும்தான் மனிதர்கள் பொய் சொன்னார்கள். ஆண்கள் திறமையைக் கூட்டினார்கள், பெண்கள் எடையைக் குறைத்தார்கள், இரு தரப்பும் வயதை மறைத்தார்கள். மற்ற கடைக்காரர்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்டவர்கள். விருந்தாளி ஒன்றைச் சொன்னால் அவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல இந்தப் பக்கத்தில் யாருக்கும் நாக்கு எழாது. சொன்ன எண்ணுக்குப் பூட்டைத் திருகி, குனிந்து வணங்கிக் கொடுத்துவிடுவார்கள். மாலையில் மலையிறங்கும் வண்டிகளில் கட்டுப் போட்ட கால்கள் நீண்டிருக்கும்.

நோஸ்ரத்துக்கும் நாக்கு எழாதுதான். அதனால் அவர் பதிலைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டார். தாபந்தே இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லாவுக்கு முன்னால் கிடந்த கம்பளத்துக்கு அடியில் அவருக்கு அந்தக் கருவியைப் பொருத்திக் கொடுத்தாள். அடையாள அட்டையைக் கொடுக்க வருகிறவர் அதன் மேல்தான் நிற்க வேண்டும். "தேநீர் சாப்பிடுங்க" என்று நோஸ்ரத் சமோவார் பக்கம் திரும்புவார். கோப்பை நிறையும்போது எடை தெரிந்துவிடும். பிறகு மரியாதைக்காக, பெண்களைக் கானும் என்று பணிவாக அழைத்து, கேட்டும் வைப்பார்.

"கானும், உங்க எடையைத் தயவு பண்ணிச் சொல்லுங்க."

"ஐம்பத்தஞ்சு."

"கண்ணு படப்போகுது," என்று கனிவாகச் சொல்லிவிட்டு எழுபத்தொன்றுக்குத் திருகுவார்.

ஸ்நோபோர்டுக்கு வருகிறவர்களிடம் வேறு தந்திரம். எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். புதுச் சட்டை, புதுக் கண்ணாடி, கீறல் விழாத பூட்ஸோடு ஓர் இளைஞன் வந்தான். அஞ்சு வருஷமா ஓட்டறேன் ஐயா, கறுப்புக் கொடி நட்ட கஷ்டமான பாதைலதான் இறங்குவேன், எனக்கு வலது கால் முன்னாடி, என்றான். நோஸ்ரத் தலையாட்டிக்கொண்டே அவன் பின்னால் போய் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். இளைஞன் தடுமாறி இடது காலை முன்னால் ஊன்றினான்.

"ஏன் தள்ளுறீங்க!"

"கேட்டிருந்தா யோசிச்சிருப்ப. யோசிச்சா பொய் வந்துரும். கால் பொய் சொல்லாது. இடது கால் முன்னாடி. இன்னிக்குக் குழந்தைங்க சரிவுல ஓட்டு. மணிக்கட்டுக்கு இந்தப் பட்டையைப் போட்டுக்க, விழும்போது கையைத்தான் ஊனுவ."

"நான் விழமாட்டேன்."

"சரி. விழாதவங்களுக்கும் இதைக் கொடுக்கறோம்."

*

நோஸ்ரத் விழுந்தது ஈரப்பனியில், மெதுவாக, லிஃப்டு நிற்கப்போகும் வேளையில். மீட்புக் குழுவைச் சேர்ந்தவன் தாபந்தேவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: "பலகை காலிலேயே இருந்துச்சு." கால் முறுகி உடைந்திருந்தது. மறுநாள் ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்து உயிர் போயிற்று.

பலகை காலிலேயே இருந்துச்சு. ஏழாம் நாள் சடங்கில் அல்வா கிண்டியபோதும் அந்த வாக்கியம் அவளோடு இருந்தது. எண்பத்து நான்கு கிலோ ஆளுக்கு, அவர் வயதுக்கு, அவர் திறமைக்கு, ஏழு சரியான எண். அவள் கண்ணாலேயே படித்த எண். அப்படியானால் பூட்டு கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை. ஏன்?

கரஜில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. உடைந்த உலோகத்தைப் பார்த்து, ஏன் உடைந்தது என்று சொல்வது அவள் தொழில். தானாக எதுவும் உடைவதில்லை.

சடங்குக்கு வந்தவர்கள் போன பிறகு அப்பாவின் பலகைகளைத் தேடினாள். வழக்கமான கொக்கியில் இல்லை. பின்னறையில், போர்வையில் சுற்றி, கியூமர்ஸின் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. வலது பலகையின் குதிகால் பூட்டில் நான்கு திருகுகளின் தலையிலும் புதுக் கீறல்கள் மின்னின. யாரோ அண்மையில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

கியூமர்ஸிடம் கேட்டாள்.

"அமூ, இதை யாரு கழட்டினது?"

கியூமர்ஸ் பூட்ஸ்களைக் கணப்படுப்பின் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "நான்தான்."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

"பாத்தீங்களா? என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை ஏன் போர்வைல சுத்தி ஒளிச்சு வச்சீங்க?"

"உன் கண்ணுல பட வேணாம்னு."

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கண் தரையைத் தேடும், காது சிவக்கும். இரண்டும் நடந்தன. கியூமர்ஸ் பழைய உதிரிப் பாகங்களைத் துருக்கி எல்லை வழியாக மூட்டை மூட்டையாக வாங்குகிறவர் என்பது ஷெம்ஷக் முழுக்கத் தெரியும். அப்பா அதற்காக அவரைத் திட்டாத வாரமில்லை. தேய்ந்த பூட்டு ஒன்றை அப்பாவின் பலகையில் மாட்டியிருந்தால்? சாவுக்குப் பிறகு நல்லதைத் திரும்ப மாட்டிவைத்திருந்தால்?

தாபந்தே பலகைகளைக் காரில் ஏற்றிக் கரஜுக்குக் கொண்டுபோனாள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, பலகையை இறுக்கிப் பிடித்து, அப்பாவின் பூட்ஸைப் பூட்டில் மாட்டி, விசையைக் காட்டும் அளவுச் சாவியால் முறுக்கினாள். பூட்டு கழன்றது. மறுபடியும் முறுக்கினாள். மறுபடியும் அதே விசையில் கழன்றது. எண் ஏழு என்று சொன்னது, பூட்டும் ஏழு என்றே சொன்னது. கொஞ்சமும் பிசகில்லை.

பூட்டு சரியாக இருந்தால் இரண்டில் ஒன்று. பூட்டை மாற்றியிருக்கிறார்கள், அல்லது பூட்டுக்குக் கொடுத்த கணக்கு தப்பு. இரண்டாவதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அப்பாவின் எடை எண்பத்து நான்கு. பள்ளியில் படிக்கும்போதிருந்தே அவளுக்குத் தெரிந்த எண் அது.

அப்படியானால் முதலாவதுதான்.

*

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அப்பாவைக் கொன்றவன் அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்து சோறு பரிமாறுவதை அவளால் பார்க்க முடியாது. புகாரை மனதில் எழுதி வைத்திருந்தாள். ஃபஷாமில் காவல் நிலையம், மலையிறங்கும் வழிதான். புகார் போனால் கடை மூடப்படும். கியூமர்ஸுக்குக் கடையைத் தவிர வேறெதுவும் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

கடையில் கூட்டமில்லை. மூலையில் சடங்குக்கான அரிசி மூட்டைகள், அன்றைக்கு எடைக்கு வைத்த அதே மூட்டைகள், சுவரோரம் அடுக்கியிருந்தன. கியூமர்ஸ் தேநீர் ஊற்றி வைத்தார். அவள் தொடவில்லை.

"கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்க, அமூ. அப்பா பலகைல இருந்த பூட்டை மாத்தினீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"எது மேல வேணும்னாலும் பண்றேன். ஒரு மரையைக்கூட மாத்தல. கழட்டினேன், பாத்தேன். நானும் உன்ன மாதிரிதான், தாபந்தே கண்ணு. எனக்கும் நம்ப முடியல."

"அப்ப ஏன் கழலல?"

கியூமர்ஸ் அவள் தொடாத கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க. காது பாருங்க, செங்கல் மாதிரி இருக்கு."

"கேக்காத, பாபா."

"ஏன் கேக்கக் கூடாது?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு? அப்பாவுக்கா? செத்தவருக்குப் பண்ண சத்தியம் யாருக்கு வேணும்?"

"செத்தவர் மேல பண்ணல." அவர் அதற்குமேல் போகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ புகார் கொடு. கொடுக்கத்தான் வந்திருக்க. நான் எங்கயும் ஓடல. அவங்க வந்து கூப்பிட்டா போறேன்."

குற்றவாளி இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தாள். குற்றமில்லாதவனும் இப்படித்தான் பேசுவான் என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கார்ச் சாவியை எடுத்தாள்.

அப்போது அவள் கோட்டுப் பையில் அப்பாவின் கைபேசி அடித்தது. துக்கம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காக அதை அவள் அணைக்காமல் வைத்திருந்தாள். தெரியாத எண். பேசியவர் வயதானவர்.

"நோஸ்ரத் கான் இருக்காரா? தஜ்ரிஷ் பஜார்லேர்ந்து தையல்காரன் யாதுல்லா பேசறேன்."

"நான் அவர் பொண்ணு."

"பொண்ணா... ஒண்ணுமில்லம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

"என்ன விஷயம்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. அவர்கிட்டயே சொல்லிக்கறேன்."

இவனும் ஒளிக்கிறான். உலகம் முழுவதும் சேர்ந்து அவளிடமிருந்து ஒன்றை ஒளித்து வைத்திருந்தது. "அவர் இறந்துட்டார்," என்றாள்.

யாதுல்லா கடவுளைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் இருமினார். எப்போது, எப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு அவளே கேட்டாள்: "அப்பா உங்ககிட்டயும் சத்தியம் வாங்கினாரா?"

"வாங்கப் பாத்தார்மா. வேணாம் நோஸ்ரத் கான், தையல்காரன் சத்தியத்தை நம்பாதீங்கன்னுட்டேன். நவ்ரூஸ் புத்தாண்டுக்குள்ள துணி தந்துடறேன்னு வருஷா வருஷம் பண்ணிப் பண்ணி, எங்க சத்தியத்துக்கு மதிப்பே போயிடுச்சு. உங்க பொண்ணுகிட்ட நானாப் போய்ச் சொல்லமாட்டேன், அவ்வளவுதான்னேன்."

"என்ன சொல்லமாட்டீங்க?"

"அவரோட பனிக் காற்சட்டை ரெண்டு என்கிட்ட இருக்கு. ரெடியாகி ரொம்ப நாளாச்சு. இடுப்புல பிடிக்கக் கொடுத்தார். இலையுதிர் காலத்துல ஒரு தடவை பிடிச்சேன். மறுபடியும் வந்து, இன்னும் பிடின்னார். ரெண்டு பக்கமும் நாலு நாலு விரல். இதுக்குப் புதுசே வாங்கலாமேன்னேன். புதுசு வாங்கினா என் பொண்ணு கேப்பா, அவ கண்ணு அளவுகோல் மாதிரின்னார்."

தாபந்தே சுவரில் கைவைத்துக்கொண்டாள்.

"வயித்துல ஏதோன்னார். டாக்டர்கிட்ட போனீங்களான்னு கேட்டேன். போனா பொண்ணுக்குத் தெரிஞ்சுரும், தெரிஞ்சா நாளைக்கே கடையைப் பூட்டி என்னைக் கரஜ்ல நாலாவது மாடில உக்கார வச்சிடுவா, பனிக்காலம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னார். ஊர்ல தைக்கக் கொடுக்காம அம்புட்டு தூரம் இறங்கி என்கிட்ட ஏன் வந்தார்னு நினைக்கறீங்க? ஊர்த் தையல்காரங்க பேசுவாங்கன்னு. நானும் பேசறேன் பாருங்க இப்ப. கடவுள் மன்னிக்கட்டும்."

கைபேசியைப் பைக்குள் போட்டாள். இரண்டு கம்பளிச் சட்டை, அதற்குமேல் பஞ்சுவைத்த ஜாக்கெட், கடைக்குள்ளேயே போட்டிருந்தார் அப்பா. கன்னம் ஒட்டியதற்கு, மலை வெயில் சுட்டுவிட்டது என்றார். சுவரை ஒட்டி நடந்து கம்பளத்தைத் தாண்டினார். அடுத்தவர் வாயை ஒருநாளும் நம்பாத மனிதர், தன் எடையை மட்டும் பழைய பேச்சை நம்பி எண்பத்து நான்கு என்று வைத்துக்கொண்டார். பூட்டின் எண்ணைக் குறைத்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கக்கூடியவள் அவள்தான்.

கியூமர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"அமூ, அவர் எத்தனை கிலோ இருந்தார்?"

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நீங்கதானே அவரைக் குளிப்பாட்டத் தூக்கினது. உங்களுக்குத் தெரியும்."

கியூமர்ஸ் எழுந்தார். சுவரோரம் போய் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து கம்பளத்தின் மேல் வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. அவசரப்படவில்லை. ஐந்தாவதை வைத்து, ஆறாவதையும் வைத்தார். ஏழாவதில் கை வைத்து, தூக்காமல் நின்றார். கையை எடுத்துவிட்டார். அவள் சமோவாருக்குப் பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தாள்.

அறுபது. அறுபது கிலோ ஆளுக்குப் பூட்டில் எண் ஐந்துதான் வைத்திருக்க வேண்டும்.

"யார் தலைமேல சத்தியம் பண்ண வச்சார்?"

கியூமர்ஸ் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை மூட்டைகளுக்கு மாற்றிக்கொண்டார். சத்தியத்தை மீறினால் யார் உயிருக்கு ஆபத்தோ, அவள் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். சிறைக்குப் போகிறேன் என்றாரே தவிர அதை அவர் மீறவில்லை.

"வாயால நான் எதுவும் சொல்லல," என்றார். குரல் உடைந்தது. "நீயே சாட்சி. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல, அமூ."

"எண்ணைக் குறைடா குறைடான்னு அவன்கிட்ட..." என்று ஆரம்பித்து, பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் அவர் கோப்பையில் புதுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் ஊற்றிக் குடித்தாள். கசந்தது. சர்க்கரைக் கட்டியைத் தேடவில்லை.

அரிசி மூட்டைகள் கம்பளத்தின் மேலேயே இருந்தன. இருவரும் அவற்றை நகர்த்தவில்லை. இரண்டு பெண்கள் பூட்ஸ் வாடகைக்குக் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். கியூமர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு காலுறை போட்டிருக்கீங்களா, ஒண்ணைக் கழட்டுங்க என்று ஆரம்பித்தார்.

தாபந்தே கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க?" என்றார் கியூமர்ஸ். அது ஃபஷாம் காவல் நிலையத்துக்கா என்று கேட்கிற கேள்வி.

"தஜ்ரிஷுக்கு. அப்பாவோட காற்சட்டை ரெண்டு வாங்காமக் கிடக்கு."